காண்டர்பரி பீடத்தில் ஒரு மாது

இங்கிலாந்துத் திருச்சபையின் முதன்மைப் பீடமாகிய காண்டர்பரி ஆர்ச்பிஷப் பதவிக்கு ஸாரா முல்லல்லி அம்மையார் தெரிந்தெடுக்கப்பட்டதாக 2025ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 3ந் தேதி லண்டனில் அறிவிப்பு வெளியாயிற்று. 2026 ஜனவரியில் அத்தெரிவு சட்டப்படி உறுதி செய்யப்பட்டது. 597ஆம் வருஷத்தில் அகஸ்தீன் என்ற துறவி ரோமாபுரியிலிருந்து வந்து கெண்ட் கரையில் இறங்கிய நாள் தொட்டு அப்பீடத்தில் 105 பேர் அமர்ந்திருக்கின்றனர். அவர்களில் ஒருவரேனும் ஸ்திரீ அல்லர். 106வது ஆர்ச்பிஷப் ஒரு மாது. அதிலும் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, 1999இல் இங்கிலாந்தின் தலைமை நர்ஸ் உத்தியோகத்துக்கு உயர்ந்து, அதன் பின்னரே குருத்துவம் பெற்றவர். 2018 முதல் லண்டன் பிஷப்பாக இருந்தார்.

அறிவிப்பு வெளியான அன்றே ஆட்சேபமும் வெளியாயிற்று. காண்டர்பரியைத் தலைப்பீடமாகக் கொண்ட ஆங்கிலிகன் ஐக்கியத்தில் 42 மாகாணச் சபைகள் அடங்கியிருக்கின்றன. அங்கத்தினர் தொகை எட்டரைக் கோடி என்று சொல்லிக்கொள்ளுகிறார்கள். இவர்களில் பழமையை விடாது பற்றி நிற்போர் 2008இல் ஜெருசலேமில் கூடி ஏற்படுத்திக்கொண்ட காப்கான் என்ற ஸ்தாபனத்தின் தலைவர், ருவாண்டா ஆர்ச்பிஷப் லோரான் இம்பாண்டா, இந்நியமனத்தைக் கண்டித்தார். பிஷப் பதவி ஆண்களுக்கே உரியதென்று வேதம் விதிப்பதாக ஆங்கிலிகரில் பெரும்பான்மையோர் இன்னும் நம்புகின்றனர் என்பது அவர் வாதம். அதே மாதம் 16ந் தேதி இவ்வியக்கத்தார் ஓர் அறிக்கை வெளியிட்டுக் காண்டர்பரியின் தலைமையை அடியோடு மறுத்து, உலக ஆங்கிலிகன் ஐக்கியம் தாங்களே என்று பிரகடனம் செய்தனர். அவர்களுடைய மனத்தாங்கலுக்கு ஸ்திரீ என்பது மட்டும் காரணமன்று. ஒருபாலார் உறவுகளுக்குத் திருச்சபை ஆசி வழங்கலாமா என்ற விவகாரத்தில் அம்மையார் கொண்ட நிலையும் ஒரு காரணம், ஒருகால் பெரிய காரணம். அந்த விவகாரத்தில் நாம் இங்கே புகவில்லை. ஸ்திரீ உபதேசிக்கலாமா, சபையை ஆளலாமா என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறோம்.

நமது நேயர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லர். ஒரு மதத்தார் தங்கள் குருவை நியமித்துக்கொள்ளும் விஷயத்தில் நமக்கென்ன அலுவல் என்று அவர்கள் கேட்கலாம். குருவை நியமிப்பதில் நமக்கு அலுவல் இல்லைதான். ஆனால் இந்த விவாதத்தில் நமது பெயரும் இழுக்கப்படுகிறது. ஸ்திரீகளுக்குச் சம உரிமை என்பது மேல்நாட்டாரின் புது நாகரிகம். ஆப்பிரிக்கரும் ஆசியரும் அதைச் சகிக்கமாட்டார்கள். ஆகையால் உலகச் சபை பிளவுபடாதிருக்க வேண்டுமானால் ஸ்திரீகள் பின்தங்கி நிற்க வேண்டும். இவ்வாறு ஒரு சாரார் பேசுகின்றனர். அப்படிப் பேசுவோரில் ஆப்பிரிக்கரும் உண்டு, ஆங்கிலேயரும் உண்டு. கீழ்நாட்டு மக்களின் மனப்பான்மை இன்னதென்று பிறர் நமக்காகச் சாட்சி சொல்லும்போது, சாட்சியம் மெய்யோ பொய்யோ என்று பார்ப்பது நமது கடமையே.

இந்தச் சாட்சியம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1885இல் ஒரு சம்பவம் நடந்தது. பண்டித ரமாபாயின் பெயரை அறியாதவர் நம்மில் இரார். அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி, ஊராரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது தம் மனைவி லக்ஷ்மிபாய்க்கு ஸம்ஸ்கிருதம் கற்பித்தவர். அத்தாய் மகளுக்குக் கற்பித்தார். தீர்த்த ஸ்தலங்களில் புராணம் வாசித்துக்கொண்டு அக்குடும்பம் தேசமெங்கும் நடந்தது. பெற்றோர் பஞ்சத்திலே மாண்டனர். மகள் 1878இல் கல்கத்தா சென்று அங்குள்ள பண்டிதர் சபையின் முன் பேசிப் பண்டிதை என்ற பட்டம் பெற்றார். இத்தகையவர் 1883இல் இங்கிலாந்து சென்று ஞானஸ்நானம் பெற்றுச் செல்டனாம் நகரத்துப் பெண்கள் கல்லூரியில் தங்கியிருந்த காலத்தில், ஆண்களுக்கும் அவர் பாடம் சொல்லலாமா என்ற பிரச்னை கிளம்பிற்று. கூடாதென்று தடுத்தவர்கள் காசிப் பண்டிதர்கள் அல்லர்; இந்தியாவில் பதவி வகித்த ஆங்கில பிஷப்புமார். அவர்கள் சொன்ன காரணமோ விசித்திரமானது. ஆடவருக்கு அவர் கற்பித்தால் அவருடைய தேசத்தார் கண்ணில் அவருக்கு மதிப்புக் குறைந்துபோகுமாம்! ரமாபாய் வாளாவிருக்கவில்லை. தம் தாயும் தாமும் ஆடவருக்குக் கற்பித்ததைத் தம் தந்தையோ கணவரோ ஆட்சேபித்ததில்லை என்றும், தம் தேசத்தில் ஆண்களும் பெண்களும் நிறைந்த சபைகளில் தாம் பேசியிருப்பதாகவும் கல்லூரித் தலைவியாகிய டாரதி பீல் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். இந்திய மக்களின் மனநிலையை இந்தியப் பெண்ணுக்கே எடுத்துரைக்க முன்வந்த அந்தப் பிஷப்புமாரின் துணிவை என்னென்பது!

ரமாபாய்க்கு முன்னரும் நம் நாட்டில் இவ்வூழியம் இருந்ததுண்டு. பாளையங்கோட்டையில் குளோரிந்தாள் என்று பெயர் பெற்ற மராட்டியப் பிராமண விதவை 1778இல் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1785இல் அவ்வூரில் எழுந்த கோயில் அவர் முயற்சியால் எழுந்தது. திருநெல்வேலிச் சபையின் வரலாற்றை எழுதுவோர் அவரை விட்டுவிட்டுத் தொடங்க இயலாது. பிற்காலத்தில் வேதாகம ஸ்திரீகள் என்று அழைக்கப்பட்டோர் வீடு வீடாகச் சென்று உபதேசம் செய்தனர். பாதிரிமார் புக முடியாத அந்தப்புரங்களில் அவர்கள் புகுந்தனர். வேலை அவர்களுடையதாயிருந்தது. பட்டம் மட்டும் வேறொருவருடையதாயிருந்தது.

இந்த வழக்கம் யுத்த காலத்தில் ஓரிடத்தில் அறுந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ஹாங்காங்கைக் கைப்பற்றினர். அருகே போர்ச்சுகீசியருக்குரிய மக்காவ் யுத்தத்தில் சேராத இடமாகையால் அகதிகள் அங்கே பெருங் கூட்டமாய் வந்து குவிந்தனர். அங்கிருந்த ஆங்கிலிகன் சபைக்கு ஆண் குரு எவரும் போய்ச் சேர இயலவில்லை. அச்சபையை நடத்தியவர் புளோரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற சீன மாது. அப்போது அவர் உதவி ஊழியர் நிலையில் இருந்தவர். பசித்தோருக்கு உணவும், இறந்தோருக்கு அடக்கமும், ஞாயிறுதோறும் உபதேசமும் அவர் பொறுப்பாயின. திருவிருந்து வழங்குவதற்கு மாத்திரம் குருத்துவம் வேண்டுமே! ஹாங்காங் பிஷப் ரானல்டு ஹால் ஆலோசித்தார். ஜப்பானியர் வசமாகாத சீனப் பகுதிக்கு லீ அம்மையாரை வரவழைத்து, 1944 ஜனவரி 25ந் தேதி அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். ஆங்கிலிகன் சபைகளின் சரித்திரத்தில் குருப்பட்டம் பெற்ற முதற் பெண் அவரே. லண்டனில் அல்ல, நியூயார்க்கில் அல்ல. சீனாவில், ஒரு சீனப் பெண்ணுக்கு.

யுத்தம் முடிந்ததும் என்ன நேர்ந்தது? காண்டர்பரியிலிருந்தும் பிற பிஷப்புமாரிடமிருந்தும் கண்டனம் வந்தது. பட்டம் அளித்த ஹால் பதவி துறக்க நேரிடும் என்ற நிலை ஏற்பட்டது. அவரைக் காக்கும் பொருட்டு 1946இல் லீ அம்மையார் தமது குருத்துவ உத்தரவுச் சீட்டைத் தாமே திருப்பிக் கொடுத்துவிட்டார்; குருத்துவத்தைத் துறந்ததாக மட்டும் அவர் சொல்லவில்லை. சீனச் சபையார் 20 வருஷத்துக்குப் பரீட்சையாகவேனும் பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்க அநுமதி வேண்டும் என்று விண்ணப்பித்தனர். 1948இல் லாம்பெத் மாளிகையில் கூடிய உலக பிஷப்புமார் மகாநாடு அதை நிராகரித்தது. நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கேட்டது கீழ்நாட்டுச் சபை. மறுத்தது இங்கிலாந்தில் கூடிய மகாநாடு.

அதன் பிறகு 23 வருஷம் சென்றது. 1971இல் ஆங்கிலிகன் ஆலோசனைச் சபை கென்யா தேசத்து லிமுரு என்ற ஊரில் கூடியபோது ஹாங்காங்கின் விண்ணப்பம் மறுபடியும் வந்தது. 24 பேர் ஆதரவாகவும் 22 பேர் எதிராகவும் வாக்களித்தனர். இரண்டு வாக்கு வித்தியாசத்தில், ஆப்பிரிக்க மண்ணில், கதவு திறந்தது. அவ்வருஷ இறுதியிலேயே ஹாங்காங்கில் ஜேன் ஹுவாங், ஜாய்ஸ் பென்னெட் என்ற இருவர் குருப்பட்டம் பெற்றனர். இங்கிலாந்தோ இன்னும் 21 வருஷம் யோசித்துக்கொண்டிருந்தது! 1992 நவம்பர் 11ந் தேதி அதன் பொது சினாட் சம்மதித்தது. சாதாரண ஜனப் பிரதிநிதிகளின் பிரிவில் இரண்டே பேர் மாறி வாக்களித்திருந்தால் அதுவும் தோற்றிருக்கும். 1994 மார்ச்சு 12ந் தேதி பிரிஸ்டல் கோயிலில் 32 மாதர் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்றனர். லீ அம்மையார் அதைக் காண உயிரோடு இல்லை. முதுமையில் கானடா சென்று அங்கே குருத்துவப் பணியை மீண்டும் ஆற்றிய அவர், சினாட் வாக்கெடுப்புக்குச் சில மாதங்களுக்கு முன் 1992 பிப்ரவரியில் காலமானார்.

பிஷப் பதவியின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். இதில் முந்திக்கொண்டது அமெரிக்கா என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1989இல் மாஸசூஸெட்ஸில் பார்பரா ஹாரிஸ் என்ற நீக்ரோ வகுப்பு மாது பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆப்பிரிக்காவில் 2012 நவம்பரில் ஸ்வாஸிலாந்தின் எல்லினா வாமுகோயா அப்பதவி ஏற்றார். அதே மாதம் இங்கிலாந்துச் சினாட்டில் பெண்களைப் பிஷப்புமாராக்கும் மசோதா வந்தது. பிஷப்புமாரும் குருமாரும் பெருவாரியாக ஆதரித்தனர். சாதாரண ஜனப் பிரதிநிதிகளின் பிரிவில் 132க்கு 74. மூன்றில் இரண்டு பங்குக்கு ஆறு வாக்குகள் குறைந்தன, மசோதா தோற்றது. பத்து மாதங்கழித்து 2013 செப்டம்பர் 30ந் தேதி தென்னிந்தியத் திருச்சபை புஷ்பலலிதா அம்மையாரை ஆந்திர தேசத்து நந்தியால் பிஷப்பாக அபிஷேகம் செய்தது. 1947இல் சென்னை ஸெயிண்ட் ஜார்ஜ் கோயிலில் இத்திருச்சபை அமைந்தபோது, ஆங்கிலிகரையும் மெதாடிஸ்டுகளையும் பிற சபையாரையும் ஒன்றாகக் கலந்ததற்காக இங்கிலாந்துத் திருச்சபை முழு உறவு கொள்ளத் தயங்கி ஒதுங்கி நின்றது. அந்தத் தென்னிந்தியச் சபை, பெண் குருமார் விஷயத்தில் இங்கிலாந்தை முந்தியதோடு, பெண் பிஷப் விஷயத்திலும் முந்திவிட்டது. இங்கிலாந்தின் முதற் பெண் பிஷப் லிபி லேன் அம்மையார் யார்க் கோயிலில் அபிஷேகம் பெற்றது 2015 ஜனவரியில்.

நமது தேசத்துச் சபைகளில் சமத்துவம் நிலைத்துவிட்டது என்று இதனால் நாம் மார்தட்டவில்லை. மலையாளத்து மார்த்தோமா சபையிலும், ஆர்த்தோடாக்ஸ் சிரியன் சபையிலும் பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லை. கத்தோலிக்கரிடையே போப் இரண்டாம் ஜான் பால், பிரிஸ்டல் சடங்கு நடந்த அதே 1994ஆம் வருஷம் மே மாதத்தில், இவ்விஷயத்தில் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று முடிவு சொல்லிவிட்டார். நாம் சொல்லுவது இவ்வளவே: கீழ்நாடு சகியாது என்ற சாட்சியம் தேதிகளின் முன் நிற்கவில்லை.

காப்கான் இயக்கத்தின் உள்ளேயே அது நிற்கவில்லை. அவ்வியக்கத்தின் முக்கியமான தூண்களுள் கென்யா சபை ஒன்று. அந்தக் கென்யா சபை 2021இல் ரோஸ் ஒகேனோ அம்மையாரைப் புட்டேரே பிஷப்பாக அபிஷேகம் செய்திருக்கிறது. தென் ஸூடான் சபை அதற்கும் முன்னரே, 2016இல், எலிஸபெத் அவுட் ங்கோர் அம்மையாரைப் பிஷப்பாக்கியது. கென்யாவில் பெண் பிஷப் இருக்கலாம், காண்டர்பரியில் இருக்கலாகாது என்றால் அதன் தருக்கம் நமக்கு விளங்கவில்லை. ஆடவரே ஆள வேண்டுமென்று வேதம் விதிக்குமாயின் அவ்விதி புட்டேரேயையும் கட்டுப்படுத்த வேண்டாமா?

வேத வாதத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஸ்திரீ உபதேசம் செய்வதை விலக்குகிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் சபையில் பேசாதிருக்கச் சொல்லுகிறார். மறுப்போர் காட்டும் ஆதாரங்கள் இவை. ஆனால் அதே கொரிந்தியர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், ஜெபம் செய்யும் ஸ்திரீயும் தீர்க்கதரிசனம் உரைக்கும் ஸ்திரீயும் முக்காடிட்டுக்கொள்ள வேண்டுமென்று அவரே விதி வகுக்கிறார். பேசவே கூடாதவர்களுக்குப் பேசும்போது முக்காடு எதற்கு? ரோமருக்கு எழுதியதில் பெபேயாள் என்ற மாதைச் சபையின் ஊழியர் என்று புகழ்கிறார். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் கண்டு சீடருக்கு முதற் செய்தி கொண்டுசென்றவள் மகதலேனா மரியாள். அந்நூலை வேதமாகக் கொண்டோரே இதன் பொருள் இன்னதென்று தீர்மானிக்கட்டும். நூலில் இரு பக்கமும் இடமிருக்கையில் ஒரு பக்கத்தையே காலங்காலமாகத் தெரிந்தெடுத்தவர்கள் ஆடவர்கள் என்பதை மட்டும் சரித்திரம் படித்த எவரும் சொல்லலாம்.

இனி அம்மையாருக்குக் கிடைத்திருக்கும் அதிகாரத்தின் தன்மையைப் பார்ப்போம். காப்கானாரின் கூச்சலைவிட இது முக்கியமானது என்று நாம் கருதுகிறோம். 2012இல் தோற்ற மசோதா 2014 ஜூலை 14ந் தேதி நிறைவேறியது. ஆனால் சும்மா நிறைவேறவில்லை. குருத்துவத்தின் எல்லாப் படிகளும் ஆண் பெண் இருபாலார்க்கும் சமமாகத் திறந்திருக்கின்றன என்பது பிஷப்புமார் வெளியிட்ட பிரகடனத்தின் ஒரு கொள்கை. பெண்ணின் குருத்துவத்தை மனச்சாட்சியின்படி ஏற்க இயலாதவரும் சபையில் செழித்திருக்க வேண்டும் என்பது அதே பிரகடனத்தின் இன்னொரு கொள்கை. ஒரு சேகரத்தின் கமிட்டியார் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால் அவர்களுக்கு ஆண் குருவும் ஆண் பிஷப்பும் ஏற்பாடு செய்து தர வேண்டும். லண்டனிலேயே இதற்கென்று புல்ஹாம் பிஷப் என்று ஒருவர் இருக்கிறார். முல்லல்லி அம்மையார் லண்டன் பிஷப்பாயிருந்த காலத்தில் அவர் ஆளுகைக்குட்பட்ட சேகரங்களில் சில, பெண் என்ற காரணத்தால் அவரை ஒதுக்கி, புல்ஹாமை நாடின. இன்னும் ஒன்று: சமத்துவச் சட்டத்தின் கீழ் வழக்கு வராதிருக்கும் பொருட்டு, பிஷப் பதவி அச்சட்டத்தின்படி ‘பொது உத்தியோகம்’ ஆகாது என்று ஒரு ஷரத்தும் சேர்த்திருக்கிறார்கள். பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புமாருக்கு ஆசனம் ஒதுக்கிச் சட்டம் இயற்றும் உரிமை அளித்திருக்கும் தேசத்தில் பிஷப் பதவி பொது உத்தியோகம் அல்லவாம்!

இந்தப் பாணியை நமது தேசத்தார் நன்கு அறிவர். 1919ஆம் வருஷத்துச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சி என்ற ஒன்றை அளித்தது. மந்திரிகள் நம்மவர், அவர்களுக்கு இலாகாக்களும் உண்டு. பணமும் போலீசும் கவர்னர் பக்கத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. மந்திரி கையெழுத்திடலாம், கையெழுத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வேறொருவர் தீர்மானிப்பார். அத்தகைய பதவிகளை ஏற்றவர்கள் பட்ட பாடு நம் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. 2014ஆம் வருஷத்து ஏற்பாட்டை அதனோடு முழுதும் ஒப்பிடுவது பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் சொல்லுவதிலும் நியாயம் உண்டு. அந்நிய கவர்னரின் ஒதுக்கீடு வேறு, சொந்தச் சபையில் சிறுபான்மையோரின் மனச்சாட்சிக்குக் காட்டும் தாட்சண்யம் வேறு. தாட்சண்யம் இல்லாவிடில் 1992இலும் 2014இலும் தீர்மானமே நிறைவேறியிராது என்பதும் உண்மையாகலாம். ஆயினும் மனச்சாட்சிக்கு இடம் அளிப்பது ஒன்று. அதிகாரத்தையே அரைகுறையாக்கி அதற்குச் சமத்துவம் என்று பெயரிடுவது மற்றொன்று. ஆண் பிஷப்பின் அபிப்பிராயம் பிடிக்காத சேகரத்தார் வேறு பிஷப் கேட்க உரிமையில்லை. பெண் பிஷப் பெண்ணாயிருப்பதே பிடிக்காத சேகரத்தாருக்கு அவ்வுரிமை உண்டு.

அம்மையார் பதவிக்கு வந்த சந்தர்ப்பத்தையும் மறக்கலாகாது. அவருக்கு முன்னிருந்த ஜஸ்டின் வெல்பி, சிறுவர்களைக் கொடுமைப்படுத்திய ஒருவனது குற்றங்களைச் சபை கையாண்ட முறை குறித்து விசாரணை அறிக்கை வெளியானதன்மேல் 2024 நவம்பரில் ராஜிநாமா அறிவித்தார். சபையின் மானம் கப்பலேறிய வேளை அது. மக்காவில் ஆண் குரு போக முடியாத காலத்தில் ஒரு பெண் அழைக்கப்பட்டாள். காண்டர்பரியில் ஆண்கள் நடத்திய நிர்வாகம் தலைகுனிந்த காலத்தில் ஒரு பெண் அழைக்கப்பட்டிருக்கிறாள். வீடு பற்றியெரியும்போது தண்ணீர்க் குடத்தை அவள் தலையில் ஏற்றுகிறார்கள். நெருப்பு அணைந்த பின் குடத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் 1946இல் இருந்தது.

2026இல் அது இராது என்று நம்புவதற்குக் காரணங்கள் உண்டு. இங்கிலாந்துச் சபையின் குருமாரில் இப்போது பெண்கள் ஒரு பெரும் பகுதி. அவர்கள் விலகினால் பல கிராமக் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையே நடவாது. புல்ஹாம் ஏற்பாட்டை அம்மையார் இப்போது தொடுவார் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. லண்டனில் அவர் அதை மதித்தே நடந்தார். ஆயினும் 2014இல் செய்த உடன்படிக்கை என்றென்றைக்கும் என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதை மாற்றும் அதிகாரம் சினாட்டுக்கு உண்டு. சினாட்டின் பிரதிநிதிகளைச் சேகரங்களும் டயோசீஸ்களும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தெரிந்தெடுக்கின்றன. 2012இல் ஆறு வாக்குகள் குறைந்தது அம்மண்டபத்திலேதான்.